கப்பல் ஓடிய கணக்கு

மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகு எஞ்சினை முடுக்கியதும் டீசல் புகை முகத்தில் அடித்தது. அது என் அப்பாவின் மணம்.

எழுபதுகளில் அவர் வெளிநாட்டுக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை செய்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் திருகோணமலைக்கு வருவார். அம்மா எத்தனை தரம் தோய்த்தாலும் அவருடைய சட்டைகளில் அந்த மணம் போகாது. ஒருமுறை அவரைக் கூட்டிவரத் துறைமுக வாசலுக்குப் போனோம். அப்பாவின் பெட்டியைத் தூக்கி வந்த கூலியாள் அம்மாவைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட அம்மாவும் வந்து நிக்கிறா" என்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா அவரைவிட நான்கு வயது இளையவர்.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த அக்காதான் அன்று அம்மாவைத் தேற்றினாள். "ஓடிக்கொண்டிருக்கிறவைக்கு நேரம் மெதுவாத்தான் போகும், அம்மா. விஞ்ஞானத்திலயே இருக்கு."

"கப்பலுக்கும் அப்பிடியோ?"

"ஓம்."

அம்மாவின் முகம் தெளிந்தது. அப்பா திரும்பப் போன பிறகு ஒருநாள், குசினியில் மீன் வெட்டியபடி, "அவருக்கு எவ்வளவு வயசு குறைஞ்சிருக்கும்? கணக்குப் பார்த்துச் சொல்லு பிள்ளை" என்றார். அக்கா கொப்பியில் நெடுநேரம் கணக்குப் போட்டாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"இருபது வருஷம் ஓடினாலும் கண் இமைக்கிற நேரம்கூட வராது, அம்மா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு மட்டும் எங்கயிருந்து இவ்வளவு வயசு வந்தது?"

அக்கா கொப்பியை மூடிவிட்டாள்.

லாஞ்சி மூதூர் இறங்குதுறையில் முட்டி நின்றது. அப்பா கடலை விட்டு ஒரேயடியாக வந்து இறங்கிய நாளில், திருகோணமலைத் துறைமுக வாசலில் நானும் அக்காவும் மட்டும் நின்றோம். அம்மா செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவின் தலையில் அப்போதும் ஒரு நரைமயிர்கூட இல்லை.