எச்சில் படாத டம்ளர்

மயிலாப்பூர் கிளினிக்கில் வாந்தியும் பேதியுமாகப் போய்ப் படுத்தபோது, பக்கத்துக் கட்டிலில் அவர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் என்னைப் போலவே டிரிப்ஸ். நான் தள்ளுவண்டியில் பானிபூரி தின்றதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"நான் வெளியில பச்சத் தண்ணி தொடமாட்டேன். எங்காத்துலயும் எச்சில் பண்ணிக் குடிக்கற வழக்கமே கிடையாது."

"அப்புறம் உங்களுக்கு எப்படி வந்தது மாமா?"

"உடம்புச் சூடு!"

கழிவறைக்குப் போய் வந்தவர், உப்புச் சர்க்கரைக் கரைசல் இருந்த ஜக்கில் டம்ளரை விரல் முங்க விட்டு மொண்டார். உதட்டில் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்தார்.

கிளினிக் ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வாரம் வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இதே பேதிதான் சார். உங்க வாய் சுத்தமாத்தான் கீது. கிருமி கையில ஒட்டிக்கினு இல்ல வருது? சோப்பு போட்டீங்களா?"

"ஜலம் விட்டு அலம்பினேனே!"

பிறகு என்மேல் இரக்கப்பட்டு, எனக்கும் ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார். "எச்சில் படல, தைரியமாக் குடிங்கோ."

பானிபூரிக்காரர் கையுறை போட்டிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.