அரிசிக் கட்டில்

மதுரைக்கு வந்த இரண்டாம் வாரம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் நீளமாக ஒரு வரிசை நின்றது. என் கால்கள் என்னைக் கேட்காமலேயே அதன் வாலில் போய் நின்றுகொண்டன. வரிசை எதற்கு என்று விசாரிப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. விசாரிக்கிற நேரத்தில் இரண்டு பேர் முந்திவிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு துணிப்பையும் மண்ணெண்ணெய்க் கேனும் இருக்கும். எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முக்கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து, சுவரில் இருந்த ஓட்டைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். உள்ளேயிருந்த குரல் “எத்தனை?” என்றது. “எவ்வளவு தருவீங்களோ அவ்வளவும்” என்று பையையும் கேனையும் நீட்டினேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டி, “அண்ணே, இது சினிமாக் கொட்டகை. படத்தக் கேன்ல ஊத்தித் தர மாட்டாக” என்றார். திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவ்வளவு நேரம் நின்ற வரிசையிலிருந்து வெறுங்கையோடு விலக மனம் வரவில்லை. ஒரு டிக்கெட் எடுத்து, காலிக் கேனை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தேன்.

இதைப் படித்து இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் இன்னும் இருப்பவர்களும், என்னைப் போலத் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களும் சிரிக்க மாட்டார்கள். மாவு வரத்து நின்றுபோன அந்த வருடங்களில் ஒரு றாத்தல் பாணுக்கு, இந்த ஊர்ப் பேச்சில் ரொட்டிக்கு, எங்கெல்லாம் நின்றோம் என்று அவர்களுக்குத் தெரியும். கூப்பன் அரிசி சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கு வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. என் அம்மா, “வயித்துல புண்ணு, சோறு ஒத்துக்கல” என்று சொல்லித் தன் பங்கை எங்கள் தட்டுகளில் தள்ளினாள். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் பாஸ்போர்ட் வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட் தாள் மட்டும் ஏதோ ஒரு ஆபீஸ் மேசையில் தங்கிவிட்டது. நாங்கள் புறப்பட்ட அன்று அவள் அழவில்லை. “நான் வாரப்ப வீட்டுல அரிசி இருக்கணும்” என்று மட்டும் சொன்னாள்.

அதனால் அரிசி வாங்கினேன். பசுமலைப் பக்கம் ஒரே நீளச் சுவரும் ஒரே மொட்டை மாடியுமாக ஐந்து வீடுகள். அதில் ஒரு வீடு, வீடு என்றால் ஒரு அறை, எங்களுக்கு. ஒரு மில்லில் தற்காலிகக் குமாஸ்தா வேலை. தினமும் மாலையில் கடையில் இரண்டு படி வாங்கி, டிபன் கேரியரில் நிரப்பி, சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டு வருகிற யோக்கியன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். மூன்று மூட்டை சேர்ந்தது. அறையில் வைக்க இடமில்லை. மூட்டைகளை வரிசையாகக் கிடத்தி, மேலே தோட்டத்துக் கம்பளியை விரித்தேன். கட்டில் ஆயிற்று. அரிசி மேல் படுத்துக்கொண்டு பட்டினிக்குப் பயந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் டீக்கடைப் பத்திரிகையில் தினமும் அந்தச் செய்தி வரத் தொடங்கியது. அரிசி பதுக்கியவர் கைது, சீனி பதுக்கியவர் கைது. ஒருநாள் படத்தில் இருந்தவர் அச்சு அசல் என்னைப் போலவே இருந்தார். திருட்டு முழி உட்பட. என் பேரில் ஒரு கேஸ் விழுந்தால் வேலை போகும். அது போகட்டும். அம்மாவின் தாளை வைத்திருக்கும் மேசைக்காரர் அந்தக் கேஸைக் காரணம் காட்டி, தாளை மேசைக்கு அடியில் போட்டுவிட்டால்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சுந்தரபாண்டி, தாலுகா ஆபீசில் உணவுப் பிரிவில் பியூன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேசிக்கொண்டே உள்ளே வந்து, நேராகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“என்னண்ணே, மெத்தை கல்லு மாதிரி இருக்கு?”

“தேங்காய் நார்ண்ணே. சிலோன் பழக்கம். முதுகுக்கு நல்லது.”

பாக்கியம் பிளேன் டீ கொடுத்தாள். அவர் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். “பாலு வாங்கலையா?”

“நாங்க இப்படித்தான் குடிக்கிறது.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கம்பளி ஓரத்திலிருந்து ஒரு வண்டு கிளம்பி, அவருடைய வெள்ளைச் சட்டையில் ஏறி, காலரை நோக்கி நடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது. வண்டோடு எழுந்து போனார்.

அரை மணி நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. போலீஸ் என்றே நினைத்தேன். வந்தது சுந்தரபாண்டியின் மனைவி பேச்சியம்மா. ஒரு கையில் சொம்பு நிறையப் பால், இடுப்பில் சொளகு நிறைய அரிசி. “கஷ்டம் எல்லாருக்கும் வாரதுதான்ண்ணே. வாயத் தொறந்து கேட்டா என்ன கொறஞ்சா போகும்?” என்றார். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் கம்பளியைத் தூக்கிக் காட்ட வேண்டும். வாங்கிக்கொண்டேன். கட்டில் கொஞ்சம் உயர்ந்தது.

பங்குனி பிறந்தது. எங்கள் மலையில் குளிருக்கு அரிசி அப்படியே கிடக்கும். இந்த ஊர் வெயிலில் மூட்டைக்குள் கை விட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. வண்டுகள் பெருகின. சுவரில் ஒரு விரிசல் இருந்தது. ஒருநாள் காலையில் அதன் வழியாகவே பேச்சியம்மாவின் குரல் வந்தது.

“ஏ பாக்கியம், உங்க பக்கமிருந்து வண்டா வருது. ஊர்வலம் போற மாதிரி போகுது. என்னத்தத்தேன் வச்சிருக்க?”

பாக்கியம் கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, “மாடியில கொண்டுபோய்க் காயப்போடணும்” என்றாள்.

“மாடியிலயா? அஞ்சு வீடும் பார்க்கும். அந்த மனுசன் பார்ப்பாரு.”

“பார்க்கட்டும். வண்டுக்குப் போடவா இம்புட்டும் சேத்தீங்க? அத்தை அங்க வயித்த அமுக்கிக்கிட்டுக் கெடக்குறாங்க.”

மறுநாள் காலை முதல் மூட்டையை முதுகில் ஏற்றினேன். மாடிக்குப் பதினான்கு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்குமூலம் தயார் செய்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மூட்டையை இறக்க இடமில்லை. மாடி முழுக்க மிளகாய் வற்றல், மல்லி, துவரை, உடைத்த புளி. ஒரு மூலையில் என்னுடையதைப் போல இரண்டு பங்கு அரிசி. நடுவில் துண்டைக் கட்டிக்கொண்டு, புளியங்கொட்டை எடுத்தபடி சுந்தரபாண்டி.

“எம்புட்டு?” என்றார்.

“மூணு மூட்டை. முழுசாச் சொல்லிர்றேன்ண்ணே. கேஸ் எழுதுறதுன்னா என் பேருல எழுதுங்க. அம்மா பேரு மட்டும் வரவேணாம்.”

“கேஸா? என்ன கேஸு?”

“பதுக்கல்.”

அவர் கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். “அது கிட்டங்கியில மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்க யாவாரிக்குண்ணே. வருசச் சாமான் வாங்கிப் போடுறவனப் பிடிக்கணும்னா மொதல்ல என்னியத்தேன் பிடிக்கணும்.” பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. “அப்ப, அன்னைக்கு நான் உக்காந்திருந்தது?”

“இதேதான்.”

“நாங்க குடுத்த அரிசி?”

“இதுக்குள்ளதான்.”

அவர் சிரித்த சிரிப்பில் காக்கைகள் கிளம்பின. பேச்சியம்மா சிரிக்கவில்லை. “நெனச்சேன். போறப்ப லேசாப் போற கேரியரு, வாரப்ப மட்டும் தோளச் சாய்க்குதேன்னு” என்று சொல்லிக்கொண்டே மிளகாயைத் தள்ளி எனக்கு இடம் கொடுத்தார். அவர்கள் வாங்கி வைப்பது வருடம் முழுக்கச் சாப்பிட. நான் வாங்கி வைத்தது அடுத்த வருடம் அரிசியே வராமல் போய்விடுமோ என்ற பயத்தில். இரண்டையும் ஒரே வெயில்தான் காயவைத்தது.

ஆடியில் அம்மா வந்து சேர்ந்தாள். ராமேஸ்வரம் ரயிலிலிருந்து இறங்கியவளைத் தூக்கிவிடலாம் போல இருந்தது, அவ்வளவு மெலிந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கம்பளியைப் பெருமையோடு விலக்கி மூட்டைகளைக் காட்டினேன். அவள் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. தன் மூட்டையை அவிழ்த்து, பழைய சேலைக்குள் சேலையாகச் சுற்றியிருந்த முடிச்சைப் பிரித்தாள். உள்ளே ஒன்றரைப் படி சிவப்பரிசி. கூப்பன் அரிசி. “ஒனக்கு இங்க என்ன கெடைக்குதோ ஏதோன்னு” என்றாள். அரிசிக்குள் வண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் அதையும் மாடிக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு முறம் அளவுக்குச் சிவப்பு. சுந்தரபாண்டி எட்டிப் பார்த்து, “இத்தினிக்கு எதுக்குத் தனியா? சேத்துக் கிண்டி விட்ருங்கம்மா” என்றார். அம்மா சட்டென்று கையைக் குறுக்கே வைத்தாள். “அது வேற, தம்பி.”

அன்று முழுவதும் ஒரு குச்சியோடு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து காக்கை ஓட்டினாள். வெயில் ஏற ஏற, சிவப்பிலிருந்து வண்டுகள் கிளம்பி அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு வெள்ளைக்குப் போயின. வெள்ளையிலிருந்து சில கிளம்பிச் சிவப்புக்கு வந்தன. அவற்றிடம் யாரும் தாள் கேட்கவில்லை.