வெள்ளை அடித்த களிமண் வீடுகள்

எனக்குப் படம் போட வராது. வராது என்பது வெகுகாலம் எனக்குத் தெரியவும் இல்லை. என் முட்டாள்தனத்தின் முழு நீளம் அதுதான். கரும்பலகையில் நான் ஆடு போட்டால் பிள்ளைகள் மூட்டைப்பூச்சி என்பார்கள். மூட்டைப்பூச்சியைப் போட்டிருந்தால் ஒருவேளை ஆடு என்றிருப்பார்கள்; அந்தச் சோதனையை நான் செய்து பார்க்கவில்லை. இப்பேர்ப்பட்ட கைவண்ணத்தை வைத்துக்கொண்டுதான் மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கையும் பூகோளத்தையும் படத்தாலேயே நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

கிளம்பியதற்குக் காரணம் கல்விக் கொள்கை ஒன்றுமில்லை, சோம்பல்தான். அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரே கொட்டகையில் நான்கு வகுப்பு, ஒரே வாத்தியார். பெரிய வகுப்புக்கு வாய்பாடு சொல்லும்போது சின்ன வகுப்பு ஒன்றையொன்று கடிக்கும். கடிக்காமல் இருக்க ஆளுக்கொரு கரித்துண்டைக் கொடுத்து, “கணக்கைப் படமாப் போடுங்கடா” என்றேன். மரங்களில் கட்டிய பத்துப் பால் கோப்பைகளில் நாலு கவிழ்ந்துவிட்டால் மீதி எத்தனை? சிமெண்டுத் தரையில் கோப்பை கோப்பையாகப் போட்டு, கவிழ்ந்ததைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, மீதியை எண்ணிச் சொன்னார்கள். விரலை மடக்கியும் வராத கழித்தல் கரித்துண்டுக்கு வந்தது. அன்றிலிருந்து நான் பெரிய கல்விமான் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். சோம்பல் அப்படியேதான் இருந்தது.

அடுத்தது பூகோளம். பள்ளியில் தேசப்படம் கிடையாது. ரப்பர் ஷீட் அடைக்கிற பெட்டிப் பலகைகளை ஸ்டோரில் கெஞ்சி வாங்கி, ஒன்றாகச் சேர்த்து ஆணியடித்து, “நம்ம தோட்டத்தையே இதில் செய்வோம்” என்றேன். ஓடைக்கு நீலம் கரைத்த தண்ணீர், சடக்குப் பாதைக்குச் செம்மண், மரத்துக்கு ரப்பர் கொட்டை. ஒட்டுவதற்கு ஊரெல்லாம் ரப்பர் பால். திசையை மட்டும் நானே குறித்தேன். குறித்து முடித்ததும் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றாள்.

“வாத்தியாரே, சூரியன் அந்தப் பக்கமா வராதே. எங்கம்மா பெரட்டுக்குப் போயி நிக்கிறப்ப ஓடைப் பக்கமால்ல விடியும்.”

காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்தான் பெரட்டு. விடிவதற்கு முன்பே போய் நிற்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சூரியன் எங்கே வரும் என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திசையை அழித்துவிட்டு, “சும்மா சோதிச்சுப் பாத்தேன்” என்றேன். யாரும் நம்பவில்லை.

கூலிக்காரர் குடியிருக்கிற வரிசை வீடுகள்தான் லயம். அதில் அவரவர் வீட்டை அவரவரே களிமண்ணில் செய்ய வேண்டும் என்பது விதி. எல்லோரும் தீப்பெட்டி மாதிரி ஒன்றைப் பிடித்து வைத்தார்கள். அந்தப் பெண் மட்டும் தன் வீட்டுக் கூரையில் பச்சை நூலை ஓடவிட்டு, அதில் மிளகு மிளகாகக் களிமண் உருட்டி வைத்தாள். பூசணிக்கொடியாம். “எத்தனை காய்?” என்று கேட்டேன். “இருக்கிறது இவ்வளவுதான். திருடுனது தனி” என்றாள். அவளுடைய அம்மா பால் வெட்டுகிறவர். அப்பா காய்ச்சலில் விழுந்து எழுந்து மறுபடி விழுகிறவர். அவள் பிறந்தது அந்த லயத்தில்தான். கடலுக்கு அப்பால் ஊர் என்று பெரியவர்கள் சொல்வதை அவள் கண்டதில்லை.

பலகை முடிந்த சமயம் ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்று நாங்கள் கேள்விப்படுவதற்கு முன்பே லாரி வந்துவிட்டது. வேண்டாத ஆட்களைக் குடும்பத்தோடு ரயிலடிக்கு ஏற்றி, அங்கிருந்து ஊருக்குப் போகும் கப்பலுக்கு அனுப்பினார்கள். வேண்டாதவர் என்றால் யார்? முதியவர், காய்ச்சல்காரர், கை குறைந்து வாய் மிகுந்த வீட்டுக்காரர்.

முதல் லாரி போன மறுநாள் நான் பள்ளிக்குள் நுழைந்தேன். பலகையில் ஒரு வீடு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. யாரோ சுண்ணாம்பைக் குழைத்து, விளிம்பு கூடப் பிசகாமல் பூசியிருந்தார்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மலாக்கா பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

“அடேயப்பா! எவ்வளவு அழகு! ஒரு வீட்டோட ஏன் நிறுத்திட்டீங்க? எல்லா வீட்டுக்கும் அடிச்சிடுங்க!” என்றேன், கையைத் தட்டி.

சின்ன வகுப்பில் ஒன்று உதட்டைப் பிதுக்கி, பிறகு வாய்விட்டு அழுதது. ஓடிப்போய்ப் பலகையில் தன் வீட்டின் மேல் இரண்டு கையையும் கவிழ்த்து மூடிக்கொண்டது.

பூசணிக்கொடிக்காரி எழுந்தாள். “வாத்தியாரே, நம்ம தோட்டத்துல காலி வீட்டுக்குத்தான் வெள்ளை அடிப்பாங்க.”

“காலி வீட்டுக்கு எதுக்கு?”

“அடுத்து வர்றவங்களுக்கு.”

அந்தத் தோட்டத்தில் சுண்ணாம்பு மூட்டை ஸ்டோரை விட்டு வெளியே வருவது அதற்கு ஒன்றுக்குத்தான். பண்டிகைக்கெல்லாம் மண்பூச்சுதான், அதுவும் அவரவர் கையால். நான் வேலைக்கு வந்த அன்று என் வீட்டுக்கும் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. வாத்தியார் என்றால் என்ன மரியாதை பாருங்கள் என்று பட்டணத்திலுள்ள என் அண்ணனைப் போகிற இடமெல்லாம் சொல்லவைத்திருந்தேன். எனக்கு முந்திய வாத்தியார் மலேரியாவில் போய்ச் சேர்ந்த வீடு அது என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது.

அப்புறம் லாரி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் மறுநாள் பலகையில் வெள்ளை கூடியது. நான் தடுக்கவில்லை. பாடமும் நிற்கவில்லை, பாழாய்ப்போன கணக்கு அங்கேயும் வந்து உட்கார்ந்தது. லயத்தில் இத்தனை வீடு, இத்தனை வெள்ளை, மீதி எத்தனை என்று யாரும் கேட்காமலேயே பிள்ளைகள் வாய்க்குள் கழித்துப் பார்த்துக்கொண்டார்கள். கழித்தல் அவர்களுக்கு அவ்வளவு நன்றாக வரும்படி நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஒருநாள் பள்ளி விட்டதும் அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள்.

“அப்பா மறுபடி படுத்துட்டாங்க. பெரட்டுல பேரு கூப்பிட்டப்ப ஆளில்ல. எங்க வீட்டுக்கும் அடிச்சிருவாங்களா வாத்தியாரே?”

“நான் இருக்கிற வரைக்கும் உன் வீட்டு மேல ஒரு சொட்டு சுண்ணாம்பு விழாது” என்றேன். வாய் என்னுடையது, வசதிக்கு எதையும் சொல்லும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். திசை குறித்த நாளில் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனேன். இப்படிப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளையை அனுப்பலாமா என்று காட்டிக் கேட்க வேண்டும் என்பது என் திட்டம். வழியெல்லாம் ரப்பர் கொட்டை ஒவ்வொன்றாக என் சட்டைக்குள் உதிர்ந்தது. ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“என்ன வாத்தியார், பலகை வியாபாரமும் தொடங்கீட்டீரோ?”

பலகையை மேசைமேல் வைத்தேன். பூசணிக்கொடியைக் காட்டினேன். சடக்கின் அளவைப் பிள்ளைகளே கயிறு பிடித்து அளந்ததைச் சொன்னேன். இந்தப் பெண் கணக்கில் என்னைவிடக் கெட்டி என்றேன்; அதில் பொய்யில்லை. அவர் குனிந்து, ஓடையைப் பார்த்தார், ஸ்டோரைப் பார்த்தார், தன் ஆபீசைக் கண்டுபிடித்துச் சிரித்தார். பிறகு அவர் விரல் லயத்துப் பக்கம் வந்து நின்றது.

“உது என்ன, சிலது மட்டும் வெள்ளை?”

“காலி வீடு.”

“ஆர் பூசினது?”

“பிள்ளைகள்தான். லாரி போன மறுநாளே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பிள்ளையின்ர தகப்பன் வேலைக்கு நிக்கேலாது எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். துரை சொல்லுறார், நான் எழுதுறன். அவ்வளவுதான் என்ர வேலை. உம்மட பள்ளிக்கூடமே தை மாசத்துக்குப் பிறகு நிக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. பலகையைக் கொண்டு போம் ஐசே.”

கொண்டு போனேன். தலையில் வைத்தபோது வந்ததைவிடக் கனமாக இருந்தது. கொட்டை உதிர்ந்த பலகை எப்படிக் கனக்கும் என்று இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை.

அவள் வீட்டுக்கு லாரி வந்த காலையில் நான் பள்ளிக்குள் ஒளிந்துகொண்டிருக்கத்தான் நினைத்தேன். பலகை எதிரே நின்றது. அவள் வீடு இன்னும் மண் நிறத்தில், கொடியோடு. பேனாக்கத்தியால் அதைப் பெயர்த்தெடுத்தேன். பால் அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது. ஒரு பக்கச் சுவர் பலகையோடே தங்கிவிட்டது. மீதியைக் கையில் ஏந்திக்கொண்டு, வேட்டி தடுக்க, ஒரு செருப்பை வழியில் விட்டுவிட்டு ஓடினேன். அப்படி நான் ஓடியதைப் பார்த்து லாரியில் இருந்தவர்களே சிரித்தார்கள். கண்ணீரோடு சிரித்தவர்களை அன்றுதான் கண்டேன்.

அவள் மூட்டைக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒரு போர்வைக்குள் இருந்தார். நான் வீட்டை நீட்டினேன்.

“உன் வீடும்மா. ஒரு சொட்டு சுண்ணாம்பு படலை, பாரு. எடுத்துக்கிட்டுப் போ.”

அவள் அதை வாங்கவில்லை. உடைந்த சுவரைப் பார்த்தாள். கொடியில் ஒரு காய் கழன்று தொங்கியதை விரலால் அழுத்தி ஒட்டினாள். லாரி கிளம்பியது.

“அடுத்து வர்றவங்களுக்கு வேணும்ல, திரும்பப் பலகையில வைங்க வாத்தியாரே.”