தங்கச்சிக்கு விட்ட வழி

காணி வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் இரண்டே இரண்டுதான் சொல்வேன். உறுதிப் பத்திரத்தைப் பார்க்க முதல் வேலியைப் பாருங்கள். விற்கிறவருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் என்ன உறவென்று விசாரியுங்கள். என் தங்கை நிரோஜாவின் புருஷன் கோபிசங்கர் இரண்டையும் செய்யவில்லை.

கத்தார் வெயிலில் நின்று உழைத்த காசோடு கரவெட்டிக்கு வந்தவன் அவன். காணி வாங்கி, வீடு கட்டி, வெளிநாட்டில் இருக்கிற யாருக்காவது விற்பது, பிறகு அடுத்த காணி. நல்ல யோசனைதான். மீனாம்பிகை என்ற அம்மாவின் சீதனக் காணி விலைக்கு வந்தது. ரோட்டோரக் காணி அவருடைய தமையன் தில்லைநாதனுக்கு, பின்காணி அவருக்கு. தமையனின் வளவுக்குள்ளால் உழவு மெசின் போகக்கூடிய பாதை ஒன்று பின்காணிக்குப் போனது. கோபி அந்தப் பாதையால் போய்த்தான் காணியைப் பார்த்தான்.

உறுதியில் வழி எழுதவில்லையே என்று பத்திரம் எழுதிய நொத்தாரிசு கேட்டிருக்கிறார். பாதை கண்முன்னால் கிடக்கிறதுதானே என்று இந்த மகாராசா பதில் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் யார் வழி எழுதி வைப்பார்கள்? எழுதினால் சண்டை என்று ஊர் கதைக்கும். அதனால் எழுதவில்லை.

மீனாம்பிகை தமையனுக்கு ஒரு சொல் சொல்லாமல் விற்றுவிட்டுக் கொழும்பில் மகளோடு போய் இருந்துகொண்டார். முதல் லோட் மணல் வந்த அன்றுதான் தில்லைநாதனுக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த கிழமை பாதைக்குக் குறுக்கே தகரவேலி. ஓரமாக ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டார். கோபி போய்க் கெஞ்சியபோது அந்த மனிதர் கோபப்படக்கூட இல்லை.

"தம்பி, அது என்ரை தங்கச்சிக்கு விட்ட வழி. காணியோடை சேர்த்து விக்கிற சாமான் இல்லை," என்றார்.

அதற்குப் பிறகு கல்லும் மணலும் சீமெந்தும் ரோட்டில் இறங்கி, ஆட்களின் தலையில் போயின. கூலி கட்டடத்தையே தின்றது. நிரோஜாவின் நகைகள் கூரைக்குள் போயின. வாடகை வீட்டுக்கு வழியில்லாமல், பூசி முடியாத அந்த வீட்டுக்கே கோபியின் தகப்பன் நடராசாவையும் கூட்டிக்கொண்டு குடிபோனார்கள். வீடு விற்றால்தான் நகை மீளும், வாழ்க்கை மீளும். வாங்க வந்தவர்களோ தகரத்தைக் கண்டதும் வாகனத்தைத் திருப்பினார்கள். ஆப்பிழுத்த குரங்கு என்று சொல்வார்களே, அதை நான் என் மச்சானில் பார்த்தேன். வழி கேட்டுப் போட்ட வழக்கு தவணை தவணையாகப் போகிறது.

"கத்தாரிலை எண்டாலும் கொன்ராக்ட் முடிய வெளியிலை விட்டவங்கள், மச்சான்," என்றான் ஒருநாள்.

இந்த மாசியில் நடராசா கண்ணை மூடினார். அந்த ஒடுங்கிய வழியால் பிரேதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது. யாரும் போய்க் கேட்கவில்லை. தில்லைநாதன் தானாகவே குறட்டோடு வந்து ஆணிகளைப் பிடுங்கித் தகரங்களைக் கழற்றி வைத்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரை திறந்தே கிடக்கட்டும் என்றார். பந்தலுக்குக் கதிரை சுமந்தார், தலைமாட்டில் நின்று அழுதார். வாயாரத் திட்டக்கூட விடாத மனிதர். அதுதான் எனக்குப் பெரிய விசர்.

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த தூரத்துச் சொந்தம் ஜெயசுதன், வாகனத்தில் நேரே விறாந்தை வாசலில் வந்து இறங்கினார். சுடலையால் வந்த பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். செத்தவீட்டில் காணி விலை கதைக்காத யாழ்ப்பாணத்தானை எனக்கு ஒருக்கால் காட்டுங்கள் பார்ப்போம். வாகனம் உள்ளுக்கு வருகிற வீடாகத் தேடித் திரிந்தாராம். கேட்ட விலைக்கே எடுப்பாராம், நாளைக்கே அச்சாரம் தருவாராம்.

குசினி வாசலில் நின்ற நிரோஜா புருஷனைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. கோபிக்கும் விளங்கியிருக்கும். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவன் வெளியே வந்துவிடலாம். அவன் நேரே ஜெயசுதனிடம் போனான்.

"அண்ணை, உது காணிக்கு உரிய வழி இல்லை," என்றான். "அப்பாவின்ரை பிரேதத்துக்கு விட்டது. எட்டு முடிய அடைச்சுப்போடுவார்."

ஜெயசுதன் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோபியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். நிரோஜா உள்ளே போய் அழுதாள். மாமனாருக்காகவா வீட்டுக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு முடிந்த மறுநாள் தில்லைநாதன் தகரங்களோடு வந்தார். தகரத்தைப் பிடித்துக்கொண்டு ஆணியும் அடிக்க ஓர் ஆளால் முடியாது. மனிதர் இரண்டு தரம் தடுமாறினார். கோபி உள்பக்கம் போய்த் தகரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான், வெளிப்பக்கம் நின்று அவர் ஆணி அடித்தார்.