மதலேனாவின் பிஸ்கட் பேணி

மதலேனாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. இலுப்பைக்கடவைப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் நடந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரியில் அவள் தொழிலாளி. மலச்சட்டி கழுவுவாள், நிலம் துடைப்பாள். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டாள். கட்டில் கட்டிலாகச் சுற்றுவாள். அவள் கதிரையில் குந்தியிருந்ததைக் கண்டவர் ஒருவருமில்லை.

பிறந்தது மன்னார்த் தீவில். தகப்பன் கரைவலைக்காரர். வலை கரையேறும்போது கயிற்றில் கைவைத்தவருக்கெல்லாம் கறிக்கு மீன் உண்டு. வழியால் போனவன் சும்மா ஒரு இழுவை இழுத்தாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். தொண்ணூறில் சண்டைக்குத் தப்பிப் பெருநிலத்துக்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு செபமாலையும் இந்தப் பழக்கமும்தான்.

தொண்ணூற்றெட்டில் அந்தப் பக்கத்துக்கு மருந்து வரவும் அரசாங்கம் தடை. காய்ச்சல் விட்டதும் நோயாளர் மிச்சக் கப்சியூல்களை அவள் கையில் வைத்துவிட்டு வீடு போவார்கள். எறிய மனம் வருமா? சிவப்பும் மஞ்சளுமான அவற்றைப் பழைய பிஸ்கட் தகரப் பேணியொன்றில் சேர்த்து, மலச்சட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். வயிற்றோட்டமென்றால் இரண்டு. உடம்பு சுட்டாலும் இரண்டு. "மிஸிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்பாள், தாதியின் காதில் விழாமல். வாங்கியவர்கள் அவளை மாதாவுக்கு அடுத்தபடியாக வைத்தார்கள். அவளும் வேண்டாமென்று சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் கரையில் விழுந்த செல் குண்டின் துண்டொன்று அவள் புருசன் சிங்கராசாவின் வயிற்றைக் கிழித்தது. டொக்டர் பாலசிங்கம் குடலைத் தைத்துக் காப்பாற்றினார். மூன்றாம் நாள் காயம் நாறத் தொடங்கியது. அம்பிசிலின் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மதலேனா கட்டிலுக்கும் கிணற்றுக்குமாக நடந்து நடந்து செருப்பு வாரை அறுத்துக்கொண்டாள்.

"இது குடலுக்குள்ள இருக்கிற கிருமிதான். இந்த ஊசிக்கு அடங்கவேணும். ஏன் அடங்கேல்லை எண்டு விளங்கேல்லை" என்றார் டொக்டர். "சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பவும் ஏலாது, பாதை பூட்டு. அலுமாரியில வேற ஊசி ஒண்டு ஏழு நாளைக்குக் கிடக்கு. ஒரு ஆளுக்குத்தான் காணும். காரணம் தெரியாமல் சும்மா எடுக்க ஏலாது. இன்னும் ரெண்டு நாள் பாப்பம்."

"அடங்காமல் எப்பிடி ஐயா போகும்?"

"மருந்தை அரைகுறையாக் குடிச்சால் சாகிறது செத்துப்போகும், மசியாதது மிஞ்சும். மிஞ்சினது சும்மா இராது. மருந்தை வெல்லுற வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் பங்கு குடுக்கும். வேற இனமெண்டாலும் குடுக்கும். பிறகு கை, தண்ணி, மலச்சட்டி எண்டு கட்டில் கட்டிலாப் போகும். ஆனா இஞ்ச நான் எல்லாருக்கும் சரியாத்தானே குடுக்கிறன்?"

மதலேனா மலச்சட்டிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் வேலை போகும், வீட்டில் அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால் இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளைச் சிங்கராசா தாங்குவானா? கிணற்றை மூன்று தரம் சுற்றிவந்தாள். பிறகு போய்ப் பேணியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"இதென்ன?"

"வீட்ட போறவை தந்த மிச்சம். ஆறு மாசமா எல்லாருக்கும் ரெண்டு ரெண்டாக் குடுத்தனான். கடலுக்குப் போகேக்க வயிறு சரியில்லையெண்டு அவருக்கும் குடுத்தனான்."

டொக்டர் மூடியைத் திறந்தார். "இதுவும் அம்பிசிலின் ஊசியும் ஒரே குடும்பம். ஆஸ்பத்திரி வாட்டையே கெடுத்துப்போட்டீரே!" என்று கத்தினார். பேணியைக் குசினி அடுப்பில் கொட்டச் சொன்னார். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாமென்றார். சொல்லிக்கொண்டே அலுமாரிப் பூட்டின் திறப்பை எடுத்தார். அவளுக்கு அந்தத் திறப்பு மட்டுந்தான் கண்ணில் பட்டது.

வேலை போன மதலேனா புருசனைப் பார்க்கவென்று அங்கேயே நின்றாள். புது ஊசியின் நாலாம் நாள் சிங்கராசாவின் காய்ச்சல் விட்டது. அன்றைக்கே பக்கத்துக் கட்டில் அமிர்தநாயகத்துக்குக் கால்காயம் சீழ்பிடித்து உடம்பு கொதித்தது. அவளிடம் முதன்முதலில் கப்சியூல் வாங்கியவர் அவர்தான்.

"எனக்கு இப்ப சுகமப்பா" என்றான் சிங்கராசா. "மிச்ச மூண்டு நாள் ஊசியையும் அமிர்தநாயகம் அண்ணைக்குப் போடச் சொல்லன்."

பத்து நாளைக்கு முந்திய மதலேனா என்றால் அதற்குள் டொக்டரிடம் ஓடியிருப்பாள்.

"இல்லை. அரைகுறையா விட ஏலாது. ஏழு நாளும் உங்களுக்குத்தான்."

ஈரத்துணியோடு அமிர்தநாயகத்திடம் போனாள். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். கோபிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, "அண்டைக்குத் தந்தமாதிரி ரெண்டு கப்சியூல் இருந்தாத் தா பிள்ளை" என்றார்.

"முடிஞ்சுது அண்ணை" என்றாள். அவர் கையை விட்ட பிறகும் மதலேனாவால் அந்தக் கட்டிலடியை விட்டு நகர முடியவில்லை.