ஒரே இனிஷியல்

"சார், நீங்க அண்ணன் தம்பின்னு எழுதுனவுக அப்பாவும் மகனும். வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ. கொஞ்சம் கூப்பிடுறீகளா?"

செவ்வாய் காலை 7.40-க்கு வந்த வாட்ஸ்அப் இது. அனுப்பியவர் உத்தமபாளையம் பர்வீன். நர்சிங் முடித்து, ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக ஒன்றரை வருடமாக ஜப்பானிய மொழி படிக்கிறவர். இந்தப் பத்தியின் வாசகர் – அதுதான் வினையாகிவிட்டது.

சென்ற மாதம் ஜப்பானின் முன்னாள் வேளாண் அமைச்சர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? திராட்சை விளைகிற நம் பள்ளத்தாக்கில் அவர் கதை எடுபடும் என்று நினைத்தேன். முதல்முறை எம்.பி., ஒரு தோல்வி, மறுபடி வெற்றி, துணை அமைச்சர், பிறகு கேபினட். தேதிகளை மூன்று இடங்களில் ஒப்பிட்டுத்தான் எழுதினேன். அதே தொகுதியில் அவருக்கு முன்பு வென்றவரை அவருடைய அண்ணன் என்றேன். 'தம்பிக்காகத் தொகுதியையே விட்டுக்கொடுத்த அண்ணன்' என்று உருகி முடித்திருந்தேன்.

அண்ணன் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

போன் செய்தேன்.

"ஜப்பான்ல குடும்பப் பேருதான் சார் முன்னாடி வரும். நீங்க அதை ஒரு எழுத்தா சுருக்கி இனிஷியலாக்கிட்டீக."

"ஆமாம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து வந்துச்சு..."

"ஒரே இனிஷியல்னா ஒரே அத்தா. அப்ப அண்ணன் தம்பி. அப்படித்தான சார்?"

அப்படித்தான். நம் ஊரில் உடன்பிறந்தவர்களுக்குத்தான் ஒரே இனிஷியல், அப்பாவுக்கு வேறு. அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு டோக்கியோ வரை போயிருக்கிறேன். போதாததற்கு, கட்டுரை முழுக்க அமைச்சரைச் சொந்தப் பெயரால் குறிப்பிட்டிருக்கிறேன். அங்கே அது வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் கூப்பிடும் பெயராம்.

"அவரை நீங்க மடியில வச்சு வளத்த மாதிரி இருக்குன்னு எங்க டீச்சர் சொன்னாக சார்."

சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. இன்டர்வியூவில் இரண்டு நிமிடம் ஜப்பானிய மொழியில் பேச வேண்டும். பர்வீன் மனப்பாடம் செய்து வைத்திருந்தது அந்த 'அண்ணனின்' தியாகத்தை. ஒத்திகையில் டீச்சர் பிடித்திராவிட்டால், ஜப்பானியர் முன்னாலேயே அவர்கள் அமைச்சரின் அப்பாவை அண்ணனாக்கியிருப்பார். வேலை கிடைத்த மாதிரிதான். இரண்டே நாளில் புதிய பேச்சுக்கு எங்கே போவது?

"வேற தலைப்பு தேடித் தரட்டுமாம்மா?"

"வேணாம் சார். நீங்க சும்மா இருந்தாலே போதும்."

வியாழன் மாலை அவரே அழைத்தார். அமைச்சரை விட்டுவிட்டு, இந்தத் தவறைப் பற்றியே பேசினாராம். இனிஷியல் என்றால் என்ன, அதை நம்பி ஒரு தமிழர் எப்படி ஏமாந்தார் என்று. எதிரே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஓர் அம்மா மட்டும் சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் – அந்த எழுத்தாளர் திருத்தம் போட்டாரா?

"போட்டுட்டாகன்னு சொல்லிட்டேன் சார். என்னையப் பொய் சொன்னவளாக்கிராதீக."

எனவே, திருத்தம்: அவர்கள் அண்ணன் தம்பி அல்ல, தந்தையும் மகனும். அமைச்சரின் பெயரை இங்கே மறுபடி எழுதவில்லை. இன்னொரு தவறுக்கு எனக்குத் தெம்பில்லை. தேதி சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். மனிதர்கள் ஒருவருக்கொருவர் யார் என்பதை எந்தத் தேதியும் சொல்வதில்லை.

தந்தை தொகுதியை மனமுவந்து விட்டுக்கொடுத்தாரா, உடல்நலம் காரணமா, கட்சி சொன்னதா? கிடைத்த குறிப்புகள் ஒத்துப்போகவில்லை. உறுதிசெய்யப்படாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பர்வீனுக்கு வேலை கிடைத்ததா என்பதும் இதை எழுதும் வரை உறுதியாகவில்லை. அவர் சொன்ன பொய் மட்டும் இன்றோடு உண்மையாகிவிட்டது.