கட்டைவிரல் பிஸ்கட்

பார்சல் கிடங்குக்குப் பின்னால் உலைவாசலில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவள் அவள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் நாக்கு அக்கா.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் தின்பண்டங்களில் உள்ளே விடக்கூடாதது, ஆள் வந்து கேட்காதது எல்லாம் மூன்று மாதம் கிடங்கில் கிடந்துவிட்டு அவள் கைக்கு வரும். கொளுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அவளுடையது வயிறு காய்ந்து வளர்ந்த உடம்பு. தின்கிற பொருளை நெருப்பில் போடக் கை வராது. அதனால் எதுவானாலும் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைப்பாள். ருசி தெரிந்ததும் துப்பிவிடுவாள்.

"யாரோ ஆசையா செஞ்சு அனுப்பினது. ஒரு நாக்காவது தொட்டுச்சுன்னு இருக்கட்டும்" என்பாள்.

சாம்பலிலும் சுண்ணாம்பிலும் புதைத்துக் கறுத்துப்போன முட்டை, வறுத்த பட்டுப்புழு, குழி தோண்டி அழுகவைத்த மீன், பறவை தன் எச்சிலால் கட்டிய கூடு, புழு நெளியும் பாலாடைக்கட்டி என்று அந்த நாக்கு தொடாதது இல்லை. பார்சல்களைத் தள்ளிக்கொண்டு வரும் வண்டிக்காரருக்குத் தலை நரைத்துவிட்டது; அவளுக்கு மட்டும் இன்னும் தம்பிதான்.

"அக்கா, இன்னிக்கு பாம்பு ஊறின சாராயம். தொட்டுட்டு என்மேல சீறிடாதீங்க."

"உன்னைக் கடிச்சா பாம்புக்குத்தான் விஷம் ஏறும். இறக்கி வைடா."

அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. நாக்கில் எதை வைத்தாலும் இடது காதுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும். "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கும். அது அவள் கூடப்பிறந்தவனின் குரல்.

அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. அப்பன் போன இடம் தெரியாது. அம்மா வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அடுப்பில் நெருப்பு இருக்கும், பானையில் ஒன்றும் இருக்காது. வாய்க்கால் கரையிலிருந்து வழுவழுப்பான மண்ணை அள்ளி வருவான் பொடியன். உப்பைப் போட்டுப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, அடுப்போரம் காயவைப்பான். தகர மூடி கிழித்த விரல் அது. பள்ளத்தின் குறுக்கே ஒரு கோடு விழும், ஏர் ஓட்டினாற்போல. "பிஸ்கட்" என்று நீட்டுவான். அவள் கடித்ததும் கேட்பான்: "எப்படிக்கா இருக்கு?"

பத்தொன்பது வயதில் கப்பல் வேலைக்குப் போனான். நாலு கடிதம் வந்தது. நாலிலும் சாப்பாட்டுக் கதைதான். ஒரு துறைமுகத்தில் எறும்பு முட்டை, இன்னொன்றில் வெட்டுக்கிளி. நாலாவதில், "அக்கா, இங்க சந்தையில மண்ணை வட்டமா தட்டி விக்கிறாங்க. மசக்கைக்காரிங்க வாங்கித் திங்கிறாங்க. நம்ம பிஸ்கட்டு!" என்று எழுதியிருந்தான். அதற்கப்புறம் கப்பல் கம்பெனிக் கடிதம்: கடலில் தவறிவிட்டார், உடல் கிடைக்கவில்லை. அம்மா அதை நம்பாமலே கண்ணை மூடினாள். இவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காதுக்குப் பின்னால் கேட்கிற குரலோடு காலத்தை ஓட்டினாள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை உலை பிடிக்க மறுத்தது. அவளுக்கு ஒரு கைப்பழக்கம்: பார்சலைப் பிரித்ததும் மேலுறையைக் கசக்கி, அதைக் கொண்டே தீ மூட்டுவாள். ருசி பார்ப்பது அப்புறம்தான். தன் பேரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. அன்றும் உறையைக் கசக்கிப் போட்டாள். தீ பிடித்தது. பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் பன்னிரண்டு மண் வட்டுகள்.

ஒன்றின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். கரைந்தது. உப்பு. வட்டைத் திருப்பினாள். நடுவில் பள்ளம், பள்ளத்தின் குறுக்கே கோடு.

துப்பவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விழுங்கினாள், அந்த வட்டு முழுவதையும். வெறும் கையை உலைக்குள் விட்டுவிட்டாள். வண்டிக்காரர்தான் இழுத்துப் போட்டார்.

"அக்கா! பைத்தியமா உனக்கு?"

"உறைடா... அனுப்பினவன் பேரு இருந்திருக்கும்டா அதுல!"

கையில் களிம்பு தடவிக்கொண்டு ஆபீசரிடம் போனாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார். 'மண் தின்பண்டம், ஒரு பெட்டி. முகவரியில் வீடு இல்லை.' அவ்வளவுதான்.

"யார் அனுப்பினது, யாருக்கு வந்ததுங்கிறதெல்லாம் உறை மேலதாம்மா இருக்கும். நாங்க எழுதுறதில்ல."

முகவரியில் வீடு இல்லை. அவர்கள் பிறந்த வீட்டை இடித்துச் சாலை போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. அந்த வரியை வண்டிக்காரரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். கூடப்பிறந்தவனையும் அவன் பிஸ்கட்டையும் பற்றி அவரிடம் சொன்னாள்.

"எந்த ஊர்லயும் யாருக்கும் விரல்ல வெட்டுப்பட்டிருக்கலாம்க்கா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உப்பு போட்டிருக்கானேடா."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

பதினோரு வட்டுகளையும் உலையில் போட்டாக வேண்டும், போட்டாள். மண் எரியுமா? மறுநாள் சாம்பலை வாரும்போது செங்கல்லாகச் சிவந்து கிடந்தன. ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகாதவள் பதினொன்றையும் மடியில் கட்டிக்கொண்டு போனாள். வண்டிக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் அலமாரியில் அடுக்கினாள். பதினோரு விரல் தன்னைச் சுட்டுவதுபோல் இருக்கவே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆனால் அவளைத் தூங்கவிடாதது அந்த வட்டுகள் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையோடு குரல் நின்றுவிட்டது.

"செத்தவன்தானே காதுக்குள்ள வந்து பேசுவான்?" என்று ஒருநாள் குரலைப் பற்றியும் வண்டிக்காரரிடம் கொட்டினாள். "நின்னுபோச்சுன்னா என்ன அர்த்தம்? உசுரோட இருக்கான்னா? இல்ல, வந்து என் வாசல்ல நின்னவனை நானே கொளுத்திட்டேன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானா?"

"அனுப்பினவன் மறுபடி அனுப்புவான்க்கா."

"இல்லாத வீட்டுக்கா?"

"அந்த வீட்டுக்கு வந்தா இங்கதானே வந்தாகணும்."

இப்போது அவள் உறையைக் கொளுத்துவதில்லை. ஒவ்வொன்றையும் வண்டிக்காரர் உரக்கப் படிக்கிறார். தெரியாத பேர்கள், வாயில் நுழையாத ஊர்கள். கேட்டு முடித்த பிறகுதான் தீக்குச்சி. அதற்கு முன்னால் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு, இடது காதைச் சாய்த்து நிற்பாள். குரல் கேட்டுவிடுமோ என்று பயம். கேட்காமலே போய்விடுமோ என்று அதைவிடப் பயம்.